நான்காவது மிதவை

"குளிரில் மூளை உறைந்துபோயிருக்கும், அதுதான் இல்லாததையெல்லாம் பார்த்திருக்கிறாய்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். தண்ணீருக்குள் இருந்தவர்கள் மற்ற மூன்று பேர். நான் கரையில் நின்றேன். இரண்டு கம்பளிச் சட்டை, அதற்கு மேல் கணுக்கால் வரை தொங்கும் அங்கி, கையில் சூடான தேநீர். மது ஒரு சொட்டு குடிக்கவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. பகல் வெளிச்சத்தில் தொடங்கிய விஷயம் இது. டிசம்பர் மாதத்தில் எங்கள் ஸ்காட்லாந்து மலைப்பக்கம் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும், அது வேறு கதை.

என் பெயர் ரோனா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். பிள்ளைகள் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை தலைகளை எண்ணுவேன். எனக்குச் சந்தேகப் புத்தி என்று ஊரே சொல்லும். கடையில் முட்டை வாங்கினால்கூடப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துத்தான் காசு கொடுப்பேன். அப்படிப்பட்ட நான்தான் அன்றைக்கு ஏமாந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் நான்கு பேர் ட்ரூயி ஏரியில் நீந்தப் போவோம். நான், என் தங்கை இஷ்பெல், ரொட்டிக்கடை வைத்திருக்கும் எஃபி, பிறகு மர்டோ. மர்டோவுக்கு எழுபது வயது. தீவுகளுக்குப் போகும் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோடையில் யார் வேண்டுமானாலும் ஏரியில் இறங்கலாம். ஓரமெல்லாம் பனிக்கட்டி கட்டியிருக்கும்போது இறங்குவதுதான் எங்கள் பைத்தியம். இறங்கும்போது உயிர் போவதுபோல் இருக்கும். ஏறி வந்து சூடாக ஒரு வாய் தேநீர் குடித்தால் உலகத்தில் யார் மேலும் கோபம் இருக்காது.

அதற்கான சாமான்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான். கைக்கும் காலுக்கும் தடித்த ரப்பர் உறை. தலைக்குக் கம்பளித் தொப்பி. இடுப்பில் ஒரு வார். அந்த வாரிலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் காற்றடைத்த ஆரஞ்சு நிற மிதவை. நீந்துகிறவருக்குப் பின்னால் அது நாய்க்குட்டி மாதிரி வந்துகொண்டிருக்கும். களைத்துப்போனால் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். பொழுது சாய்ந்தால் அதற்குள் சின்ன விளக்கு ஒன்றைப் போட்டுவிடுவோம். மிதவை முழுக்க ஒளிரும்.

முறை வைத்து ஒருவர் கரையில் நிற்க வேண்டும். நேரம் பார்ப்பது, ஆளைப் பார்ப்பது, விசில் ஊதுவது அவர் பொறுப்பு. மர்டோ மட்டும் அந்த முறைக்கு வரவே மாட்டார்.

"என்ன வேணா செய்யச் சொல்லு. கரையில மட்டும் நிக்கச் சொல்லாத" என்பார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அந்த மனுஷன் எதையோ மறைக்கிறார் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. யாரையும் வெறுமனே பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கூடவே ஒரு வசவு வரும். "எஃபி, அடியே உப்பில்லாத கஞ்சி!" "ரோனா, மூக்கொழுகற ஆட்டுக்குட்டி!" வாரத்துக்கு ஒரு புது வசவு. ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லி நாங்கள் கேட்டதில்லை. கிழவர் வாரம் முழுக்க உட்கார்ந்து யோசிப்பார் போலிருக்கிறது என்று சிரிப்போம்.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அப்பாவும் அம்மாவும் இல்லை. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். தண்ணீரைக் கண்டால் அவளுக்குத் தலைகால் புரியாது. எல்லோரும் ஏறிய பிறகும் அவள் ஏற மாட்டாள். போன குளிர்காலத்தில் ஒருமுறை அதிக நேரம் கிடந்ததில், ஒரு மணி நேரம் அவளுக்குப் பல் தந்தியடித்தது. ஆறு வருடமாக அந்தக் கரையில் நின்று "இஷ்பெல், இங்க வா!" என்று நான் கத்தாத ஞாயிறே கிடையாது.

அந்த ஞாயிறு மட்டும் கத்த முடியவில்லை. இரண்டு நாள் காய்ச்சலில் தொண்டை கட்டி, சுத்தமாகக் குரல் போய்விட்டது. காற்றுதான் வந்தது. காய்ச்சல்காரி தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதால் கரைக்காவல் என் தலையில் விழுந்தது.

"ரோனாவுக்கு வாய் அடைச்சுப்போச்சு. இன்னைக்குத்தான் இந்த ஏரிக்கு நிம்மதி" என்றாள் எஃபி.

"வீட்டுல ரெண்டு நாளா சொர்க்கம்" என்றாள் என் தங்கை. நான் ஃப்ளாஸ்க் மூடியை அவள் மேல் எறிந்தேன்.

எஃபி தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தாள். "நாலு டிகிரி. அப்ப நாலு நிமிஷம். மேல ஒரு நொடி கிடையாது. இஷ்பெல், உனக்குத்தான் சொல்றேன்."

"எனக்கு மட்டும் ஏழு."

"அக்கா முறைக்கிறா பாரு."

மர்டோ சிரிக்கவில்லை. கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். "தலையை எண்ணு. மிதவையை எண்ணாத."

நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

"விளையாட்டு இல்ல. தலையை எண்ணு."

"விடுங்க மர்டோ. அவ பஸ்ஸுல எண்ணாத தலையா?" என்று இஷ்பெல் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

மணி மூன்று பத்து. மூன்று பேரும் இறங்கினார்கள். எஃபி வழக்கம்போல ஊருக்கே கேட்கும்படி அலறினாள். மூன்று தொப்பி. அவற்றுக்குப் பின்னால் விளக்கு போட்ட மூன்று மிதவை. இஷ்பெலுடையது மஞ்சள் தொப்பி. எல்லாம் சரியாக இருந்தது.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. சத்தமில்லாமல் வந்து ஏரியை மூடிக்கொண்டது. எதிர்க்கரை போயிற்று. வலது பக்கம் இருந்த பழைய படகுத்துறையின் மரத்தூண்கள் போயின. இடது பக்க நாணல் போயிற்று. தொப்பிகளும் தெரியவில்லை. மிதவைகளின் ஆரஞ்சு வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

தலை தெரியாதபோது எதை எண்ணுவது? வெளிச்சத்தை எண்ணினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு...

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். நான்குதான். மூன்று வெளிச்சம் அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் நாணல் பக்கம் தனியாக, ஆடாமல் அசையாமல் நின்றது.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இது மர்டோ வேலை என்று உடனே முடிவுகட்டிவிட்டேன். போன வருடம் எஃபியின் காலுறைக்குள் உயிருள்ள நண்டைப் போட்டு வைத்தவர்தானே அவர். "மிதவையை எண்ணாத" என்று அவ்வளவு அழுத்திச் சொன்னபோதே நினைத்தேன். பையில் ஒரு மிதவையைக் கூடுதலாக மறைத்துக் கொண்டுவந்து மிதக்கவிட்டு என்னை முட்டாளாக்கப் பார்க்கிறார். நடக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் மூன்றாகிவிட்டது. கிழவர் தன் சரக்கை உள்ளே இழுத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

மூன்று பதினான்கு. விசிலை மூன்று முறை ஊதினேன்.

எஃபி முதலில் வந்தாள். அவளுக்குத் துண்டைப் போர்த்தினேன். மர்டோ இரண்டாவதாக வந்தார். விரல்கள் விறைத்துப்போய் அவரால் எதையும் பிடிக்க முடியவில்லை. வாரைக் கழற்றி, அங்கியைப் போட்டுவிட்டுப் பொத்தான்களை நானே மாட்டினேன்.

ஏரியில் மீதி ஒரே ஒரு வெளிச்சம். இஷ்பெல். வழக்கம்போலக் கடைசி. நாணல் ஓரமாகச் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. திரும்ப ஊதினேன். வெளிச்சம் நின்றது. பிறகு கரையை நோக்கி வரத் தொடங்கியது. அப்பாடா என்று இருந்தது. வரட்டும், குரல் இல்லாவிட்டாலும் கை இருக்கிறது, முதுகில் நாலு வைக்கிறேன் என்று நின்றேன்.

வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது.

நேராக. ஒரே சீராக.

தண்ணீரில் கை விழும் சத்தம் இல்லை.

மூச்சு வாங்கும் சத்தம் இல்லை.

மிதவைக்கு முன்னால் ஆள் இருக்க வேண்டும். மஞ்சள் தொப்பி இருக்க வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை. மிதவையிலிருந்து கயிறு முன்பக்கமாகக் கிளம்பி, விறைப்பாக... தண்ணீருக்குள் இறங்கிப் போயிருந்தது.

கீழே இருந்து எதுவோ அதை இழுத்துக்கொண்டு வந்தது.

நான் மர்டோவின் கையைப் பிடித்து உலுக்கினேன். நான்கு விரலைக் காட்டினேன். அவர் பையைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பையைத் தலைகீழாகக் கொட்டினார். ஒரு துண்டு, ஒரு ஃப்ளாஸ்க், ஒரு ஜோடி காலுறை. வேறொன்றும் இல்லை.

"நாலு பாத்தியா?"

தலையாட்டினேன்.

"அது அவ இல்ல" என்றார்.

என்னால் கத்த முடியாது. அவரால் முடியும். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. அவர் அங்கியின் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். என் தங்கை ஐயா, என் தங்கை... காற்றுதான் வந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"இஷ்பெல்! சாணி மிதிச்ச பாதிரியார் பூட்ஸே! எங்கடி இருக்க?"

அமைதி.

அந்த மிதவை அப்படியே நின்றது.

பிறகு... நாணல் பக்கமிருந்து இல்லை. அதற்கு நேர்மாறாக, வலது பக்கமிருந்து, படகுத்துறைத் தூண்கள் இருந்த இடத்திலிருந்து...

"இ...ங்க..."

நான் ஓடினேன். அங்கியோடு, பூட்ஸோடு தண்ணீரில் இறங்கினேன். குளிர் நெஞ்சில் அடித்தது. இரண்டாவது தூணைக் கட்டிக்கொண்டு அவள் தொங்கிக்கொண்டிருந்தாள். உதடு கறுத்திருந்தது. அவள் மிதவை அவளோடுதான் இருந்தது. அதன் விளக்கு அணைந்திருந்தது. தூணிலிருந்து அவள் கையைப் பிரிக்கவே முடியவில்லை. பின்னாலேயே வந்த மர்டோ ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

கரையில் எஃபி தயாராக நின்றாள். "தேய்க்காத! ஈரத்தைக் கழட்டு. போர்த்து. மெதுவா." காரில் ஹீட்டரை முழுக்கத் திருப்பி, வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி நெஞ்சில் வைத்தாள். இஷ்பெல் நடுங்கவில்லை. நடுங்காமல் இருப்பதுதான் ஆபத்து. ரொம்ப நேரம் கழித்து அவள் பற்கள் தடதடவென்று அடிக்கத் தொடங்கின. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். அதைவிட இனிமையான சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

மர்டோ மட்டும் காருக்கு வரவில்லை. டார்ச்சோடு கரையில் குனிந்து நின்றார். போய்ப் பார்த்தேன்.

கூழாங்கல் மேல் ஒரு மிதவை ஒதுங்கியிருந்தது. ஆரஞ்சு நிறம் வெளிறி, பாசி படிந்திருந்தது. உள்ளே விளக்கே இல்லை. கயிற்றின் மறுநுனியில் இடுப்பு வார். அதன் பூட்டு... மாட்டியபடியே இருந்தது. ஒரு ஆளின் இடுப்பு அளவுக்கு வட்டமாக. உள்ளே யாரும் இல்லை.

மிதவையின் பக்கவாட்டில் முக்கோணமாகக் கறுப்பு ரப்பர் ஒட்டு ஒன்று இருந்தது. மர்டோ அதை விரலால் தொட்டார்.

"நான் போட்ட ஒட்டு" என்றார். "சைக்கிள் டியூபை வெட்டி."

அன்று மாலை எங்கள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து மீதியைச் சொன்னார். அவருடைய தங்கை மகன் ஒருவன் இருந்தான், காலம் என்று பெயர். ஒன்பது வருடத்துக்கு முன்னால், இதே போல ஒரு குளிர்காலத்தில், இதே ஏரி. கரையில் நின்றவர் மர்டோ.

"பனி இறங்குச்சு. மிதவையை எண்ணினேன். கணக்கு சரியா இருந்துச்சு. நிம்மதியா டீயை ஊத்திக்கிட்டு நின்னேன் ரோனா. அப்புறம்தான் தெரிஞ்சுது, அதுல ஒண்ணு எங்க யாரோடதும் இல்ல."

அந்தப் பையன் காலம் கிடைக்கவே இல்லை. அவன் மிதவையும் கிடைக்கவில்லை. அன்றைக்கு வரைக்கும்.

மறுநாள் விடிந்ததும் நானும் எஃபியும் அதை எடுத்துவரப் போனோம். கரை முழுக்க வெள்ளையாக உறைபனி. மிதவை இல்லை. அது கிடந்த இடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும், கனமான எதையோ இழுத்துக்கொண்டு போனதுபோல ஒரு தடம். பக்கத்தில் கால்தடம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து இஷ்பெலின் மிதவை விளக்கைத் தட்டிப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் என் குரல் திரும்பியது. ஓட்ஸ் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். பழக்கதோஷத்தில் மாடிப்பக்கம் பார்த்துக் கத்தினேன். "இஷ்பெல், இங்க வா!"

மாடியில் எதுவோ விழுந்து உடைந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். காலடியில் உடைந்த கோப்பை.

"அன்னைக்கும் இப்படித்தான் கூப்பிட்ட" என்றாள்.

"என்னைக்கு?"

"ஏரியில. விசில் சத்தம் கேட்டு நான் கரைக்குத்தான் வந்துக்கிட்டிருந்தேன். அப்ப நீ கூப்பிட்ட. படகுத்துறைப் பக்கமிருந்து. இதே மாதிரி. என் விளக்கு அதுக்கு முன்னாடியே அணைஞ்சுபோயிருந்துச்சு. சரி, அக்கா அங்க நிக்கறான்னு திரும்பினேன்."

உடைந்த கோப்பையைத் தாண்டி அவள் பக்கத்தில் போனேன்.

"தூண் கிட்ட போனப்பதான் ஞாபகம் வந்துச்சு. உனக்குத்தான் குரலே இல்லையே அக்கா. அப்படியே தூணைக் கட்டிக்கிட்டேன். அது கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. முதல்ல தூணுக்கு அந்தப் பக்கம். அப்புறம்... என் காலுக்குக் கீழ இருந்து."

"அப்ப மர்டோ கூப்பிட்டதுக்கு மட்டும் எப்படிப் பதில் சொன்ன?"

"பாதிரியார் பூட்ஸ்னு கூப்பிட்டாரே. அதை அவரைத் தவிர யார் சொல்லுவா?"

அன்றைக்கே மர்டோ வீட்டுக்குப் போனேன். சொன்னேன். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"காலமும் கரைக்கு வந்துக்கிட்டுதான் இருந்தான். 'மாமா கூப்பிடறாரு'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போனான்னு பக்கத்துல நீந்தினவ சொன்னா. நான் கூப்பிடவே இல்ல."

"அதனாலதான் கரையில நிக்கறதில்லையா?"

"என் குரல் அதுக்குத் தெரியும். கேட்டதைத்தான் அது திருப்பிச் சொல்லும். புதுசா ஒண்ணும் அதுக்கு வராதுன்னு ஒரு நம்பிக்கை. அதான் வாராவாரம் புது வசவு."

இத்தனை வருடம் எதைக் கேட்டுச் சிரித்தோம் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த மனுஷனைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டேன். ஆறு வருடம் அந்தக் கரையில் நின்று ஒரே வார்த்தையை ஒரே மாதிரி கத்தியவள் நான்தான். தண்ணீருக்குள் எதுவோ உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ட்ரூயி ஏரியை விட்டுவிட்டோம். நீச்சலையே விட்டுவிட இஷ்பெல் சம்மதிக்கவில்லை. இப்போது இருபது மைல் தள்ளி, மேற்கே, கடலில் இறங்குகிறோம். திறந்த கடல், வெள்ளை மணல், ஓரத்தில் சில பாறைகள், நாணல் கிடையாது, படகுத்துறை கிடையாது. நானும் வசவு பழகிக்கொண்டேன். முதல் ஞாயிறு அவளை "அவிஞ்ச வாத்து முட்டை!" என்று கூப்பிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மர்டோகூட.

போன ஞாயிறு அங்கே போனது இரண்டாவது முறை. மூன்று பேரும் தண்ணீரில் இருந்தார்கள். தலைகளைத்தான் எண்ணினேன். மூன்று தொப்பியும் பளிச்சென்று தெரிந்தன. லேசாகப் பனி. விசிலை உதட்டில் வைத்தேன். இன்னும் ஊதவில்லை. வாயையும் திறக்கவில்லை.

பாறைகளுக்குப் பின்னாலிருந்து... என் குரலில்...

"இஷ்பெல்! அவிஞ்ச வாத்து முட்டை! இங்க வா..."

மஞ்சள் தொப்பி அந்தப் பக்கம் திரும்பியது.